அத்தையைப் பிடித்த கந்தர்வன்

கரமனை
17 ஜூன் 2025, செவ்வாய்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். வாசித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பை நிறுத்திவிடுவார். உங்களோடு பேசக்கூடாது, உங்கள் பெயரையே எடுக்கக்கூடாது என்று எங்களைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். பிரஜின் அண்ணனின் போனில் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். எனக்கென்று போன் கிடையாது. அதனால்தான் கடிதம். என் வகுப்பு மாளவிகாவின் அம்மா சரோஜம் சேச்சி நீங்கள் இப்போது சமையலுக்குச் சேர்ந்திருக்கும் ஹாஸ்டலில்தானே வேலை செய்கிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கும் மாளவிகாவுக்கும் மலையாளம்தான், தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்த ஒரு தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகள் மணி என் பக்கத்தில்தான் தூங்குகிறாள். உங்கள் பழைய நைட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்திருக்கிறாள். அதை அம்மா துவைக்கப் போட்டபோது அழுது வாங்கிக்கொண்டாள். தன் அம்மா எங்கே என்று அவள் கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறோம். வேலைக்குப் போனால் சாயங்காலம் வரவேண்டாமா என்று கேட்கிறாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் எத்தனை நாள் இதையே சொல்ல முடியும்?

மாடியில் உங்கள் அறையை அம்மா டெட்டால் ஊற்றிக் கழுவினாள். உங்கள் பாயை ஆற்றில் விட்டுவிட்டார்கள். அப்பா ஹோட்டலிலிருந்து வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்கிறார். கடையில் யாரோ சிரித்தார்களாம். புரோட்டா மாஸ்டரின் தங்கச்சி என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார்களாம்.

அத்தை, அன்று குழாயடியில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். ஹோட்டல் முதலாளி செல்லத்துரைக்கு உங்களைக் கட்டிக் கொடுக்க அப்பா பேசி வைத்திருந்தார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அம்மாவுக்குக் கோபம். குடத்தை வைத்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஆம்பளை இல்லாம எத்தனை காலம்ட்டி இப்பிடியே கெடப்ப? ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு என்ன, தவமா பண்ணுத?"

நீங்கள் குடத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு ஆம்பளையும் வேண்டாம் மைனி. அந்த நெனப்பு வந்தா எனக்கு நானே போதும்" என்றீர்கள்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. லீலாபாய் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பிறகுதான் மீதி புரிந்தது. ரத்னாபாய் அக்கா பாதி நிறைந்த குடத்தோடு வீட்டுக்கு ஓடினார். விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கப் போய்விட்டது. அப்பா உங்கள் துணியை மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தார். இப்படிப்பட்டவள் பிள்ளை வளர்க்க லாயக்கில்லை என்று மணியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். மணி உள்ளிருந்து கதவை அடித்துக்கொண்டே இருந்தாள்.

போன வருஷம் பிரஜின் அண்ணன் போனில் அசிங்கமான படங்கள் இருந்ததை அம்மா பார்த்துவிட்டாளே, நினைவிருக்கிறதா? அன்று என்ன நடந்தது? அப்பா முதுகில் ஒரு அடி வைத்தார். அப்புறம் சாப்பிடும்போது, "இவனுக்குச் சீக்கிரம் பொண்ணு பாக்கணும் போலுக்கே" என்று அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அண்ணன் இன்னும் அதே போனை வைத்துக்கொண்டு அதே கட்டிலில்தான் படுத்திருக்கிறான்.

நீங்கள் செய்தது தப்பா அத்தை? தப்பென்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றாலும் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மணியை நான் ஒருத்தி எப்படிச் சமாளிப்பேன்?

உங்கள்
ஆவுடை


கழக்கூட்டம்
20 ஜூன்

ஆவுடை,

இனி எழுதாதே. மாட்டிக்கொண்டால் அடி உனக்குத்தான் விழும். எனக்கு இனிமேல் விழ ஒன்றும் பாக்கியில்லை.

எழுதாதே என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, உன் கடிதத்தில் மணி பற்றி வரும் இடத்தை மட்டும் பத்துத் தடவை வாசித்தேன். மழை வந்தால் அவளுக்கு இடது காது வலிக்கும். அலமாரியின் மேல்தட்டில் மருந்து இருக்கிறது. கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு விடு, இல்லாவிட்டால் துள்ளுவாள். பால் கொடுக்கும்போது ஆடை இருக்கக்கூடாது. மைனிக்கு அது தெரியாது.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல். காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி. சமையலறைக்குப் பின்னால் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை. கால் இரண்டும் வீங்கிப் போகின்றன. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். மைனியிடம் சொல், ராத்திரியில் நான் என்ன செய்கிறேன் என்ற கவலையே இனி வேண்டாம். குறட்டைதான் விடுகிறேன்.

மணியை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள வழியில்லை. பிள்ளைகளை உள்ளே விட மாட்டேன் என்று வார்டன் முதல் நாளே சொல்லிவிட்டார். வெளியே ஒரு அறை பார்க்க வேண்டும். தனியாக ஒரு பெண், கையில் பிள்ளை என்றதும் கதவைத் திறந்தவர்கள் மூடிவிடுகிறார்கள். சரோஜம் சேச்சி போலீசுக்குப் போகச் சொல்கிறாள். "பெற்ற தள்ளையல்லே நீ? கொச்சினெ பிடிச்சு வைக்கான் அவர்க்கு என்ன அவகாசம்?" என்கிறாள். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிடித்து வைக்க அவர்களுக்கு என்ன உரிமை என்கிறாள். போகலாம். அண்ணன் ஏன் பிள்ளையைத் தர மறுக்கிறான் என்று அங்கே கேட்பார்கள். நான் அந்த வார்த்தையை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் மறுபடியும் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னதற்கே இவ்வளவு.

நீ கேட்டதற்குப் பதில். அது கல்யாணமாகி, கட்டினவன் சாரத்திலிருந்து விழுந்து செத்து, அஞ்சு வருஷம் தனியாக இருக்கிற ஒருத்தியின் சொந்த விஷயம். நான் யாரையும் ஏமாற்றவில்லை. யார் குடும்பத்தையும் கெடுக்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். மற்றது உன் வயதுக்கு வேண்டாம். தப்பு என்று ஒன்று உண்டென்றால், அதைக் குழாயடியில் சொன்னதுதான். மைனி கேட்ட கேள்வியைக் குழாயடியில் கேட்கலாமாம், பதிலை மட்டும் சொல்லக்கூடாதாம். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

அண்ணனைத் திட்டி எதுவும் எழுதாதே. உன் மாமா செத்த அன்றைக்கு, என்னையும் ஒரு வயதுப் பிள்ளையையும் வள்ளியூரிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டவன் அவன். அவன்மேல் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. களைப்பாகத்தான் இருக்கிறது.

காது மருந்தை மறக்காதே.

இசக்கிசெல்வி


கரமனை
4 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

நல்ல செய்தி. நீங்கள் திரும்பி வரலாம்!

விவரமாக எழுதுகிறேன். லீலாபாய் அக்காதான் அம்மாவிடம் சொன்னாராம், கல்லாறு பக்கம் மந்திரம் தெரிந்த ஒரு ஆசான் இருக்கிறார், பார்வையிலேயே எல்லாம் சொல்லிவிடுவார் என்று. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான், மணி எல்லோரும் பஸ் பிடித்துப் போனோம். நல்ல மழை. மலைக்குப் போகிற கார்கள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயின. ஆசான் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். போனில் முன்பே சொல்லிவிட்டு வரவேண்டுமாம். அப்பாவுக்கு அது தெரியாததால் கடைசி ஆளாகத்தான் கூப்பிட்டார்கள்.

ஆசான் கோபக்காரரில்லை. மெதுவாகப் பேசினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஆசான் சோழியை உருட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியவன் போன பின்னே அவள் ஒற்றைக்கு அல்லே படுப்பு? மேலே மாடியில்?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். "கல்யாணம் வேண்டா என்று பறயும். தனியே சிரிக்கும். குளிச்சு முடி அழிச்சிட்டு நிற்கும். உண்டோ?" என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் உண்டு உண்டு என்றாள். நீங்கள் தனியாகச் சிரித்து நான் பார்த்ததே இல்லை அத்தை. தலைக்குக் குளித்தால் யாராக இருந்தாலும் முடியை விரித்துத்தானே காயவைப்பார்கள்?

அப்புறம் என்னைப் பார்த்தார். "காலையில் சாயா கொண்டு போவது நீயல்லே மோளே? கதவு திறக்கும்போது பாலைப்பூ மணம் வந்திட்டுண்டோ?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாலைப்பூ எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் அறையில் தேங்காய் எண்ணெய் வாசனையும், மாடியில் காயப்போட்ட வற்றல் வாசனையும்தான் வரும். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று கெஞ்சுவதுபோல் இருந்தது. சொன்னால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தோன்றிற்று. "உண்டு" என்றேன்.

கந்தர்வன் என்றார் ஆசான். உங்கள்மேல் கந்தர்வன் ஆசை வைத்துவிட்டானாம். அவன் வந்து போகும் இடத்தில்தான் பாலைப்பூ மணக்குமாம். நீங்கள் ஒன்றும் செய்யவில்லையாம். எல்லாம் அவன் செய்ததாம். குழாயடியில் பேசியதும் அவன்தானாம்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அப்போ அவ இல்லையா? எந் தங்கச்சி இல்லையா?" என்று கேட்டுக்கேட்டு அழுதார். அம்மாவும் கண்ணைத் துடைத்தாள். "நான் அப்பமே நெனச்சேன். நம்ம பிள்ளைக்கு அப்பிடி நாக்கு வருமா? அந்தப் பாவிப்பயல்லா பேசியிருக்கான்!" என்றாள். திரும்பி வரும்போது அப்பா எங்களுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பேசினார்.

தெருவில் இப்போது எல்லோரும் உங்களுக்காக வருத்தப்படுகிறார்கள். லீலாபாய் அக்கா, தன் பெரியம்மா மகளுக்கும் இப்படி இருந்தது என்று புதுசாகச் சொல்கிறார். ரத்னாபாய் அக்கா மெதுவாக, "அவன் ஆளு பாக்க எப்பிடி இருப்பானாம்? நல்ல அழகுன்னு சொல்லுவாவளே" என்று கேட்டார். "ஏன், உன் வீட்டுக்கும் அனுப்பி விடணுமோ?" என்றார் லீலாபாய் அக்கா. குழாயடியே சிரித்தது. அம்மா எல்லோரையும் திட்டினாள், ஆனால் அவளும் சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை. நீங்கள் வந்து பலகையில் உட்கார வேண்டும். உன்னிடம் வந்தவன் யார் என்று ஆசான் கேட்பார். கந்தர்வன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அப்புறம் மணி உங்களோடுதான். அப்பாவே சொல்லிவிட்டார்.

சொல்லிவிடுங்கள் அத்தை.

ஆவுடை


கழக்கூட்டம்
7 ஜூலை

ஆவுடை,

உன் கடிதம் வந்த அன்று நான் வைத்த சாம்பாரில் உப்பே இல்லை. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போயின.

உன்னைத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். முடியவில்லை. சின்னப் பிள்ளையை நடுவில் நிறுத்திச் சாட்சி கேட்டவர்களை விட்டுவிட்டு உன்னைத் திட்டுவானேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த அறையில் யாரும் இல்லை என்று நான் சொன்னபோது என்னை வெளியே தள்ளினார்கள். ஒருத்தன் இருந்தான் என்று ஆசான் சொன்னதும் பழம்பொரி வாங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவனாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஆம்பளை இருந்தால்தான் அவர்களுக்கு மூச்சு விட முடிகிறது. நான் சமைப்பதற்கு இங்கே மேனேஜர் பெயர் வாங்குகிறான். அதைப் பொறுத்துக்கொள்கிறேன், சம்பளம் வருகிறது. என் தனிமைக்கும் இன்னொருத்தன் பெயர் வாங்குவதா?

உன் மாமா இருந்தபோது, அலுத்துப்போய் வந்து படுத்தால் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை உனக்கு எழுதக்கூடாது. எழுதிவிட்டேன். வேறு யாருக்கு எழுத?

சரோஜம் சேச்சியிடம் கந்தர்வன் விஷயத்தைச் சொன்னேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "செல்வி, எனிக்கும் இருபத்திரண்டு வயசில் ஒரு பூஜை நடத்தியிட்டுண்டு. அன்றைக்கு யட்சி என்றார்கள்" என்றாள். நான் எதற்காக என்று கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வெங்காயம் உரித்தோம்.

நான் பலகையில் உட்கார மாட்டேன். என் உடம்பு என்னுடையது என்று ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொன்னேன். அதை இல்லை என்று சொல்ல எனக்கு மனதில்லை. மணியைக் கூட்டிவர வேறு வழி பார்ப்பேன். கொஞ்சம் நாள் கொடு.

செல்வி


கரமனை
21 ஜூலை

அன்புள்ள அத்தைக்கு,

நாள் இல்லை.

மணிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். காதில் மருந்து விட்டேன், ஆனால் அது காதுவலிக் காய்ச்சல் இல்லை. பள்ளிக்கூட வேனில் லீலாபாய் அக்காவின் பேத்தி அவளிடம், "உங்கம்மையைப் பேய் பிடிச்சிருக்கு, உன்னையும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் முதல் மணி மாடிப்படிப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள். உங்கள் நைட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அப்புறம் அவளே குனிந்து எடுத்து, வெளியே நீட்டிப் பார்த்து, மறுபடியும் தள்ளினாள். நேற்று என்னிடம், "அம்மா வந்தா அம்மாவா வருவாளா, அவனா வருவாளா?" என்று கேட்டாள்.

நான் அந்த "உண்டு" சொன்னதால்தான் இதெல்லாம் என்று தெரியும். திரும்பத் திரும்ப எழுதிக் காட்ட வேண்டாம்.

நீங்கள் பூஜைக்கு வர மாட்டீர்களோ என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சரோஜம் சேச்சி மூலமாகச் சொல்லி அனுப்பியும் பதில் இல்லையே என்று கேட்கிறார். நேற்று வள்ளியூருக்குப் போன் போட்டார். மணியை அங்கே அவள் ஆச்சி வீட்டில் விடக் கேட்டாராம், வைத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்களாம். திருநெல்வேலி பக்கம் அப்பா இல்லாத பிள்ளைகளை வைத்துப் படிக்க வைக்கிற விடுதி ஒன்று இருக்கிறதாம். ஆவணி பிறந்ததும் சேர்த்துவிடுவதாகப் பேசினார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு விடுவார்களாம்.

"செல்வி பூஜைக்கு வந்தா பிள்ளை இங்கனயே இருக்கட்டும். வரலைன்னா அவ தெளிஞ்ச ஆளு இல்லன்னு அர்த்தம். அவ கையில பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

உங்கள் உடம்பு உங்களுடையதுதான் அத்தை. யார் இல்லை என்றார்கள்? ஒரு வார்த்தை பொய் சொன்னால் அது போய்விடுமா? நான் சொல்லவில்லையா? பள்ளியில் நான் தினம் ஒரு பொய் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம் என்று சொல்கிறேன்.

எனக்குத் தூக்கமே வருவதில்லை. வகுப்பில் தூங்குகிறேன். டீச்சர் எழுப்பி வெளியே நிறுத்தினார். நின்றுகொண்டே தூங்கினேன்.

வந்துவிடுங்கள்.

ஆவுடை


கழக்கூட்டம்
24 ஜூலை

ஆவுடை,

வருகிறேன். அண்ணனிடம் சரோஜம் சேச்சி இன்று சொல்லிவிடுவாள்.

பலகையில் உட்கார்கிறேன். கந்தர்வன் என்று சொல்கிறேன். வேண்டுமென்றால் அவன் என்ன நிறத்தில் வேட்டி கட்டியிருந்தான் என்பதுவரை சொல்கிறேன். தலையை விரித்துப் போட்டு ஆடச் சொன்னால் அதையும் ஆடுகிறேன். பார்த்து அண்ணன் திருப்தியாக அழட்டும்.

நீ வருத்தப்பட வேண்டாம். நீ எழுதியதால் வரவில்லை. அம்மாவாக வருவாளா அவனாக வருவாளா என்று மணி கேட்டாள் இல்லையா, அதற்கு நான் நேரில்தான் பதில் சொல்ல முடியும்.

எனக்குத் திராணி இவ்வளவுதான். ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதா பிள்ளையைக் காப்பாற்றுவதா என்றால் என்ன செய்ய? ஆகஸ்ட் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை விடியும்முன் அண்ணன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. மணிக்கு அந்த மஞ்சள் கவுனைப் போட்டு வை. அதைப் போட்டால் அவள் பயப்பட மாட்டாள்.

பூஜை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். சேச்சியின் தங்கை ஸ்ரீகாரியத்தில் இருக்கிறாளாம். அவள் வீட்டுப் பின்புறம் ஒரு அறை காலியாகிறதாம், எங்களுக்குத் தருகிறேன் என்றிருக்கிறாள். இது யாருக்கும் தெரிய வேண்டாம்.

செல்வி


கரமனை
6 ஆகஸ்ட், புதன்

அத்தை,

வராதீர்கள். வெள்ளிக்கிழமை அப்பா வந்தால் ஹாஸ்டலை விட்டு வெளியே இறங்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் முதலாளி செல்லத்துரை வீட்டுக்கு வந்தார். புதுச்சட்டை. அம்மா காப்பி போட்டாள், நான் உள்ளே மணிக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா போனில் ஆசானைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். ஆசான் சொன்னது எனக்கும் கேட்டது. பூஜை மட்டும் போதாதாம். "ஒழிச்சு விட்டாலும் அவன் வீண்டும் வரும். புருஷன் உள்ள இடத்து அவன் கேறில்ல. சிங்கம் பிறந்ததும் கல்யாணம் நடத்தணும்" என்றார். புருஷன் இருக்கிற இடத்தில் கந்தர்வன் நுழைய மாட்டானாம், அதனால் ஆவணி பிறந்ததும் கல்யாணமாம். பூஜைப் பலகையில் வைத்தே உங்கள் கையில் முதலாளி வாங்கி வந்த புடவையைக் கொடுத்துவிட வேண்டுமாம். ஆசான் முன்னால் வாங்கினால் சம்மதம் என்று அர்த்தமாம். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். கந்தர்வன் கேட்டுவிடுவானாம்.

அது மட்டும் இல்லை. முதலாளி கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "பிள்ளை இங்கயே வளரட்டும் மாஸ்டர். எனக்கே ரெண்டு கெடக்கு. நான் அவளுக்கு மட்டும்தான் பொறுப்பு." அப்பா சரி என்றார். அத்தை, அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அந்த விடுதியில் மணிக்கு இடம் சொல்லியாயிற்றாம்.

அவர் போனதும் அம்மா கேட்டாள். "அவருக்கு நெய்யாற்றின்கரையில ஒருத்தி உண்டுன்னு பேசிக்கிடுதாவளே?"

"பொண்டாட்டி செத்த மனுசன். அவரும் என்னதான் செய்வாரு? ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு கொறையாட்டி?" என்றார் அப்பா.

அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தை, மாமாவும் செத்துத்தானே போனார்?

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். சரி தப்பு தெரியவில்லை. யோசிக்கத் தெம்பில்லை. மணியைத் தினம் காலையில் வேனில் ஏற்றிவிடுவது நான்தான். நாளைக்கு வேனில் ஏற்ற மாட்டேன். கரமனைப் பாலத்து பஸ் ஸ்டாப்பில் சரோஜம் சேச்சி நிற்பார். மாளவிகாவிடம் இன்று பள்ளியிலேயே பேசிவிட்டேன், அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பாள். சேச்சி மாட்டேன் என்று சொல்ல மாட்டார் என்று அவள் சத்தியம் செய்தாள். மணியை அவர் கையில் கொடுப்பேன். நேராக ஸ்ரீகாரியத்துக்கு, அந்த அறைக்கு. நீங்கள் மத்தியானம் அங்கே வந்துவிடுங்கள். மணியின் பையில் புத்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு கவுனும் காது மருந்தும் வைத்திருக்கிறேன். கடைசி நேரத்தில் எனக்குத் தைரியம் போய்விட்டால் இந்தக் கடிதமாவது உங்கள் கைக்கு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மணியிடம் சொல்லிவிட்டேன், யாரிடமும் சொல்லாதே என்று. "அம்மாவாத்தான் இருப்பாளா?" என்று கேட்டாள். ஆமாம், அம்மாவேதான், அம்மாவுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, அது நான் சொன்ன பொய் என்றேன். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்றாள். குத்தட்டும் என்றேன். தூங்காமல் விழித்துக்கொண்டு கிடக்கிறாள்.

சாயங்காலம் நான் மட்டும் வீட்டுக்கு வருவேன். உங்களோடு வர மாட்டேன். நானும் வந்துவிட்டால் அப்பா போலீசுக்குப் போவார், பிள்ளையைக் கடத்தியதாகிவிடும். நான் இங்கே இருந்து சொல்ல வேண்டியதைச் சொன்னால், அவரவர் பிள்ளை அவரவரிடம் போயிற்று என்று ஆகும். அப்பா அடிப்பார். அடிக்கட்டும். அடிப்பதற்கு முன்னால் சொல்லி முடித்துவிட வேண்டும். எனக்குப் பேச வராது, அழுகைதான் வரும். அதனால் இங்கேயே எழுதிப் பார்க்கிறேன். தெருவில் கேட்டாலும் பரவாயில்லை, லீலாபாய் அக்காவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அப்பா, நான் ஆசானிடம் பொய் சொன்னேன். எனக்குப் பாலைப்பூ வாசனை வரவே இல்லை. நான் தினமும் காலையில் டீ கொண்டு போயிருக்கிறேன். அங்கே கந்தர்வன் இல்லை. யாருமே வரவில்லை. அத்தை அறையில் அத்தை மட்டும்தான்

கதவைத் தட்டுகிறார்கள்